எதுவும் சேர்க்காத காடி

கம்பம்
20.5.2024

அன்பு மகள் சானியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியத்தா எழுதுகிறேன். எர்ணாகுளத்தில் மழை தொடங்கிவிட்டதாகப் பத்திரிகையில் பார்த்தேன். தலை காயாமல் படுக்காதே. உன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. என் சுகத்தைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. அன்றைக்கு நீயும்தான் அங்கே இருந்தாய்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஏன் வெளியேறினேன் என்று உன் பெரியம்மாவிடம் கேட்டாயாம். அந்தப் போனையே மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். என்னிடம் பேச வேண்டியவர்கள் இனிமேல் தபாலில் பேசட்டும். தபாலில் ஆட்டுப் படம் அனுப்ப முடியாது.

உன் நிச்சயத்துக்கு என் பங்காக நான் கொண்டுவந்தது ஒரு சட்டி சாலட். கொடைக்கானலிலிருந்து இலை, வெள்ளரி, கேரட். மேலே ஊற்ற நானே செய்த தேன் கடுகுச் சாறு. தேன் வருசநாட்டு மலைத்தேன். காடி, அதாவது நீங்கள் வினிகர் என்று சொல்வது, என் தோட்டத்துப் பன்னீர் திராட்சையில் நான் இறக்கியது. பிரியாணிக்கு நடுவே வாய்க்கு ஒரு தெளிவு இருக்கட்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் மாமா, அந்த ஆலுவாக்காரர், காடி எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். வேதியியல் படித்தவன் என்பதால் ஒளிக்காமல் சொன்னேன்: சாறு பொங்கி முடிந்ததும் பழைய காடியில் ஒரு கிண்ணம் சேர்த்தேன், சீக்கிரம் புளிக்கும் என்று. "அது பற்றில்லா", அதாவது ஆகாது, என்று கையை எடுத்துக்கொண்டார். அவர்கள் மார்க்கச் சட்டத்தில் ஷாபி மத்ஹப். போதை ஏறிய சாற்றில் வெளியிலிருந்து எதையாவது போட்டுக் காடியாக்கினால் அவர்களுக்கு ஆகாதாம். நாம் ஹனபி. நமக்கு ஆகும். அதற்கு ஆதாரத்தை எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் உன் அம்மா வந்து, சபை முழுக்கப் பார்க்க, சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கை கழுவுகிற இடத்தில் வைத்தாள்.

அன்று மாலையே உன் மாமன் மகன் சதாம் குழுவில் இலை தின்னும் ஓர் ஆட்டுப் படம் போட்டு, "பெரியத்தா கடையில் இன்றைய ஸ்பெஷல்" என்று எழுதினான். கீழே வரிசையாகச் சிரித்தார்கள். அதில் உன் சிரிப்பும் ஒன்று.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். உன் அத்தா, என் தம்பி, இப்போது இல்லை. உனக்கு அண்ணன் தம்பி இல்லை. ஆகவே நிக்காஹ்வில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் பெண்ணை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொல்ல வேண்டிய வலிகாரன் நான்தான். வலிகாரர் இல்லாமல் அவர்கள் மத்ஹபில் நிக்காஹ் கிடையாது. என் காடி ஆகாதாம், என் கை மட்டும் ஆகுமாம். நான் வரமாட்டேன். சட்டியைத் தூக்கியவர்கள் வலிகாரரையும் எங்காவது தேடிக்கொள்ளட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் பெரியத்தா
அப்துல் காதர்


எர்ணாகுளம்
2.6.2024

அன்புள்ள பெரியத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நல்லா இருக்கேன், தலையும் காய்ந்துதான் இருக்கு. பெரியம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்க. ஹாஸ்டலுக்குக் கடிதம் வந்ததைப் பார்த்து வார்டனே மாடிக்கு ஏறி வந்து கொடுத்தார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டாராம்.

ஆமா, சிரித்தேன். அந்த ஆடு உங்களை மாதிரியே கண்ணாடி போட்டிருந்தது. அதற்கு வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

ஆனா ஒன்று உங்களுக்குத் தெரியாது. அம்மா அந்தச் சட்டியைக் கொட்டவில்லை. இலையெல்லாம் வாடிவிட்டது. ஆனால் நீங்கள் தனியாகப் பாட்டிலில் கொண்டுவந்த சாறு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. நான் ஊரிலிருந்து கிளம்புகிற வரைக்கும் தினமும் ராத்திரி வெள்ளரிக்காயை நறுக்கி அதைத்தான் ஊற்றிச் சாப்பிட்டாங்க. "வீணாக்க மனசு வரலடி" என்றார்கள். எனக்கு ஒரு வாய் கூடத் தரவில்லை.

நிக்காஹ் ஜனவரி 19, ஞாயிறு, உத்தமபாளையத்தில் என்று முடிவாகியிருக்கு. நீங்கள் இல்லாமல் எனக்கு அந்த நாள் வேண்டாம். இதை உங்களிடம் கேட்கவேண்டி வரும் என்றே நான் நினைத்ததில்லை.

அந்த ஹனி மஸ்டர்ட் டிரெஸ்ஸிங் எப்படிச் செய்வது? ஹாஸ்டலில் அடுப்பு கிடையாது, மிக்ஸி மட்டும்தான். அதில் ஆகிற மாதிரி எழுதுங்க.

துஆவுடன்,
சானியா


கம்பம்
24.6.2024

அன்பு மகள் சானியாவுக்கு,

உனக்கும் உன்னோடு இருப்பவர்களுக்கும் சலாம். பெருநாள் கழிந்தது. இங்கே சுகம், ஒத்தடம் கொடுத்ததில் உன் பெரியம்மா மாடிப்படி ஏறுகிறாள், ஏறி வந்து எனக்குப் புத்தி சொல்கிறாள்.

பெருநாளன்று உன் அம்மா கறி கொடுத்தனுப்பினாள். கறி வந்தது. அவள் வரவில்லை. குறித்துக்கொண்டேன்.

நான் வரப்போவதில்லை என்பதில் மாற்றமில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்குச் சொல்லாமல் இருக்க நான் கல்லூரியில் என் மூப்பைத் தாண்டி முதல்வராகிய அந்த மனிதரைப் போன்றவன் இல்லை. எழுதிக்கொள்.

சின்னக் கடுகு இரண்டு கரண்டி. வறுக்காதே. காய்ந்த மிக்ஸி ஜாரில் விட்டு விட்டு அடி; ஜார் சூடாகவிடாதே. கொரகொரப்பாக வந்தால் போதும். ஒரு கிண்ணத்தில் கொட்டி, பச்சைத் தண்ணீர் இரண்டு கரண்டி விட்டுக் குழைத்து, பத்து நிமிடம் சும்மா வை. இந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கடுகுக்குள் காரம் என்று ஒன்று தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. உடைபட்டு, அதன்மேல் தண்ணீர் பட்ட பிறகுதான் அது உண்டாகிறது. வெந்நீர் விட்டால் காரம் பிறக்காது, கசப்பு மட்டும் மிஞ்சும். பத்து நிமிடத்துக்குப் பிறகு காடி இரண்டு கரண்டி. காடி பட்ட இடத்தில் காரம் அப்படியே நிற்கும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. காடி இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. பிறகு தேன் மூன்று கரண்டி, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் நான்கு கரண்டி. எல்லாவற்றையும் இறுக்கமான மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, உனக்குப் பிடிக்காதவர்கள் யாரையாவது நினைத்துக்கொண்டு குலுக்கு. கெட்டியாகி மஞ்சளாக ஒன்றுசேரும். ஒருநாள் குளிரில் இருந்தால் இன்னும் நல்லது. அவ்வளவுதான். சின்னப் பிள்ளையும் செய்யும்.

ஒரு வாதத்துக்காகக் கேட்கிறேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. எதையும் சேர்க்காமல் சாறு தானாகவே காடியானால் அந்த ஆலுவாக்காரர் சாப்பிடுவாரா? கேட்டு எழுது.

பெரியத்தா


எர்ணாகுளம்
9.7.2024

அன்புள்ள பெரியத்தாவுக்கு,

சலாம். நான் சுகம். பெரியம்மா படியேறுவது கேட்டு சந்தோஷம். புத்தி சொல்வது கேட்டு இன்னும் சந்தோஷம்.

முதல் தடவை சொதப்பிவிட்டேன். குழாயில் ஹீட்டர் தண்ணீர் வந்தது, பரவாயில்லை என்று அதையே விட்டேன். என் அறைத்தோழி ஜெபஷீலா போடிக்காரி. ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏ சானியா, இது சாலட்டுக்கா இல்ல பேதிக்கா?" என்றாள். இரண்டாவது தடவை பச்சைத் தண்ணீர், பத்து நிமிடம், எலுமிச்சை. மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாட்டிலை ஜெபஷீலாவே பாதி காலி பண்ணிவிட்டாள். குலுக்கும்போது யாரை நினைத்தேன் என்று சொல்லமாட்டேன்.

ஒரு சந்தேகம். உப்பு எவ்வளவு? நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள். நான் அரைக்கரண்டி போட்டேன்.

உங்கள் வாதத்துக்குப் பதில்: மாப்பிள்ளை தௌபீக்கின் அந்த ஆலுவா மாமாவிடமே கேட்டேன். யாரும் எதுவும் போடாமல் தானாகக் காடியானால் அது சுத்தம், தாராளமாகச் சாப்பிடுவேன் என்றார். உங்கள் காடியை ஆகாது என்று சொன்னதில் அவருக்கு அன்றைக்கே வருத்தமாம். "நான் அதை மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மத்ஹபில் இல்லாததை எப்படிச் சாப்பிடுவேன்" என்று கேட்டார். உங்களிடமே நேரில் சொல்ல ஆசைப்படுகிறார்.

பெரியத்தா, அவரும் உங்களை மாதிரிதான். மார்க்கக் கிதாபை விட்டு ஒரு அடி நகரமாட்டார்.

சானியா


கம்பம்
30.7.2024

சானியாவுக்கு,

சலாம். எல்லாரும் சுகம்.

உப்பு எழுத மறக்கவில்லை. அதில் உப்பு கிடையாது.

என்னையும் அந்த மனிதரையும் ஒரே தட்டில் வைத்தாய். அவர் சபையில் கையை எடுத்தார். நான் யார் சட்டியிலிருந்தும் கையை எடுத்தவன் இல்லை.

சாரல் அடித்து இந்தத் தடவை திராட்சைக் குலையெல்லாம் வெடித்துவிட்டது. வியாபாரி பார்த்துவிட்டு, "இத வச்சு நான் என்ன பண்ண பாய்" என்று போய்விட்டான். வீணாகப் போவதைப் பிழிந்து ஒரு பெரிய பீங்கான் சாடியில் ஊற்றித் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்திருக்கிறேன். எதுவும் போடவில்லை. இது ஒரு பரிசோதனை. உன் கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்போது அது பொங்கிக்கொண்டிருக்கிறது. மோட்டார் ரூமுக்குள் கள்ளுக்கடை வாசம். தொழுகைக்குப் போகிற வழியில் யாராவது எட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கே தெரியவில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் வருசநாட்டு விஜய்பாண்டி தினமும் ஒரு தடவை, "மொதலாளி, இது இப்ப நிக்கிற நெலம ரொம்ப நல்ல நெலம. உங்களுக்குத்தான மார்க்கத்துல தடை, எனக்கென்ன?" என்று கேட்கிறான். சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

வாதத்துக்காக இன்னும் இரண்டு கேள்வி. சாடியை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தினால் அது சேர்த்ததாகுமா? பழ ஈ மொய்க்கிறது; ஒன்று உள்ளே விழுந்தால் அவர் கிதாபு என்ன சொல்கிறது?

நான் வரப்போவதில்லை.

பெரியத்தா


எர்ணாகுளம்
18.8.2024

அன்புள்ள பெரியத்தாவுக்கு,

சலாம். இங்கே எல்லாரும் நலம். உங்கள் கடிதம் சின்னதாக இருந்ததால் இரண்டு தடவை படித்தேன்.

வெயிலுக்கு நகர்த்துவதில் தவறில்லையாம். ஈ விஷயத்தைக் கேட்டதும் தௌபீக்கின் மாமா வெகுநேரம் சிரித்துவிட்டு, "ஈ விழுந்த பிறகு தீர்ப்புக் கேட்க வேண்டாம், விழாமல் துணி கட்டச் சொல்" என்றார். மல்துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள்.

உப்பு ஏன் கிடையாது? அம்மாவிடம் போனில் கேட்டேன். "அத ஏன் அவுகள்ட்ட போயிக் கேட்ட" என்று என்னைத் திட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். நான் கோயம்புத்தூரில் படித்த வருடங்களில் வீட்டில் நடந்தது எதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை.

செப்டம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை தௌபீக்கின் அம்மாவும் மாமாவும் உங்களைப் பார்க்கக் கம்பத்துக்கு வருகிறார்கள். வீட்டில் இருங்கள் பெரியத்தா. இதை மட்டும் செய்யுங்கள்.

சானியா


கம்பம்
12.9.2024

சானியாவுக்கு,

சலாம். உன் பெரியம்மா சுகம். வந்தவர்களுக்குப் பரிமாறி ஓய்ந்து போயிருக்கிறாள்.

ஆம், அவர்கள் வந்தபோது நான் வீட்டில் இல்லை. தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மருந்தடிக்கக் கூடாது என்று எந்த மத்ஹபிலும் இல்லை.

ஒரு பெட்டி அல்வாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சபையில் இழந்ததற்குச் சமையலறையில் அல்வா. உன் பெரியம்மா அதைப் பிரித்து, "நெய் சொட்டுது, ஒரு துண்டு தின்னுங்க, ரோசம் கரையாது" என்றாள். நான் தொடவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த மாமா வழி விசாரித்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். நான் பந்தலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். விஜய்பாண்டியிடம், "சாரைக் காணான்" என்று பாதி மலையாளத்தில், என்னைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். அந்த மடையன் என்னைக் கூப்பிடுவதற்குப் பதிலாக அவரை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய்ச் சாடியைக் காட்டினான். சாவியை அன்றைக்குப் பார்த்துக் கதவிலேயே விட்டிருந்தேன். என் அனுமதி இல்லாமல் என் சாடியை முகர்ந்து பார்த்திருக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, துணியைக் கூடத் தொடாமல், குனிந்து முகர்ந்தாராம். "இனியும் ஆகட்டே", இன்னும் புளிக்கட்டும், என்று சொல்லிவிட்டுப் போனாராம். என் சாடிக்கு அவர் என்ன தவணை கொடுப்பது?

முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். பதவி உயர்வில் என்னைத் தாண்டினார்கள், பொறுத்தேன். ஜமாஅத் தேர்தலில் என் பெயரைக் கடைசியில் அடித்தார்கள், பொறுத்தேன். உன் நிச்சயப் பத்திரிகையில் என் பெயரை உன் மாமன் பெயருக்குக் கீழே, அதுவும் ஓர் எழுத்தை விழுங்கி அச்சடித்தார்கள், அதையும் பொறுத்தேன். என் சட்டியைக் கை கழுவுகிற இடத்தில் வைத்ததை மட்டும் பொறுக்கமாட்டேன். உன் அத்தா இருந்திருந்தால் அந்தச் சட்டியை

இத்தோடு நிறுத்துகிறேன். மோட்டார் போட வேண்டும்.

பெரியத்தா


உத்தமபாளையம்
6.10.2024

மச்சானுக்கு லத்திபா சலாம் சொல்லி எழுதிக்கிறது. அக்காவுக்கும் சலாம். எனக்குச் சுகத்துக்குக் கொறவில்ல.

நான் லெட்டர் எழுதி எத்தன வருசம் ஆச்சோ, எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கங்க. லீவுல வந்துருக்க சானியா நீங்க எழுதுனதப் படிச்சிக் காட்டுச்சு. பாதியில நிறுத்துன எடத்துல அதுவும் நிறுத்திருச்சு. அதான் எழுதுறேன்.

அன்னிக்கு மாப்ள வீட்டு மாமு ஒரு வார்த்த சொன்னாக. அவ்வளவுதான். நீங்க எந்திரிச்சி நின்னுட்டீக. அந்த இமாம் சொன்னாக, இந்த இமாம் சொன்னாகன்னு ஆரம்பிச்சீக. அவுக மொகம் சிவக்குது, ஒங்க குரல் ஏறுது. சஹன் தட்டுல வச்ச சோறு ஆறுது. இன்னும் ஒரு பேச்சுப் பேசுனா பிள்ளையோட நிச்சயம் அங்கனயே முறிஞ்சிரும்னு எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. சட்டி எதுக்க இருந்தாத்தான பேச்சு. அதான் எடுத்தேன். கை கழுவுற எடத்துல வைக்கல மச்சான். வண்டிக்குப் போற வழி அது. சதாமக் கூப்புட்டு வண்டியில ஏத்தச் சொல்றதுக்காகக் கீழ வச்சேன். அந்தப் பய ஏத்தாம படம் புடிச்சிக்கிட்டு நின்னுருக்கான்.

ஒங்க தம்பிக்கு பிரசர் ஏறி டாக்டர் உப்ப நிறுத்தச் சொன்னப்ப, அவுக நான் போட்ட சோத்தத் தட்டிவிட்டாக. உப்பில்லாதத மாடு திங்குமான்னு கேட்டாக. நீங்கதான் கம்பத்துலருந்து பஸ் ஏறி பாட்டில கொண்டாந்து குடுத்தீக. உப்பு தேடாத மாதிரி நாக்க ஏமாத்துதுண்ணேன்னு சொல்லிச் சிரிச்சாக. கடசி ரெண்டு வருசமும் அதத் தொட்டுத்தான் சோறு எறங்குச்சு. மவுத்தாகுற அன்னிக்குக் காலைலயும் கேட்டாக.

அந்தச் சட்டி யாருக்காக வந்துச்சுன்னு எனக்கா தெரியாது? மகளோட நிச்சயத்துல அத்தா வீட்டு எடத்துல அதக் கொண்டாந்து வச்சீக. நீங்க ஒரு வார்த்த அதச் சொல்லிருந்தா அத்தன பேரும் வாயப் பொத்திருப்பாக. நீங்க கிதாபு சொன்னீக. சபையில நான் எந்திரிச்சிச் சொல்ல முடியுமா?

மன்னிப்புக் கேக்க இத எழுதல. நான் செஞ்சது தப்புன்னு எனக்குத் தோணல. நீங்களும் கேக்க வேணாம். பிள்ளைக்கு அத்தா எடத்துல உக்கார வாங்க.

அக்கா சொன்னாக, தெனம் சாடியப் போய்ப் பாக்குறீகன்னு. இங்கனயும் ஒரு எட்டு வந்து பிள்ளையப் பாருங்க.

லத்திபா


எர்ணாகுளம்
10.11.2024

அன்புள்ள பெரியத்தாவுக்கு,

சலாம். பெரியம்மாவும் நீங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நான் நலம். அம்மா எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களிடமிருந்து பதில் இல்லை.

அத்தா விஷயத்தை அம்மா எனக்கும் சொல்லிவிட்டார்கள். நான் அரைக்கரண்டி உப்பைப் போட்டேன் என்று உங்களுக்கே எழுதியிருக்கிறேன். இப்போது போடுவதில்லை. ஜெபஷீலா முதலில் முகம் சுளித்தாள், பழகிவிட்டாள்.

நீங்கள் வராவிட்டால் என்ன செய்வது என்று விசாரித்துவிட்டேன். நீங்களும் இப்படித்தான் செய்வீர்கள், கிதாபைப் பார்க்காமல் பேசமாட்டீர்கள். நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். நம் மத்ஹபில் வயது வந்த, புத்தி தெளிந்த பெண் தன் சம்மதத்தைத் தானே சொல்லலாம், நிக்காஹ் செல்லும் என்றார். தௌபீக் வீட்டிலும் கேட்டேன். அவர்கள் மத்ஹபில் வலிகாரர் தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் அவருக்குப் பதிலாகக் காஜி நிற்கலாமாம். அவர்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஆக, இரண்டு பக்கத்துக் கிதாபிலும் நீங்கள் இல்லாமலே என் நிக்காஹ் நடக்கும் பெரியத்தா. நீங்கள் கையில் வைத்திருப்பதாக நினைத்த சாவிக்கு இனிமேல் பூட்டு இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் வந்தால் வேறு வழியில்லாமல் வந்ததாக யாரும், நீங்களும், சொல்லக்கூடாது.

வலிகாரர் பெயரைக் காஜி கேட்டார். இன்னும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுதாமல் எவ்வளவு நாள் வைக்க முடியும் என்று அவர் கேட்டார். கடைசி வாரம் வரைக்கும் என்றேன்.

இனி வரச்சொல்லி எழுதமாட்டேன்.

சானியா


கம்பம்
28.12.2024

அன்பு மகள் சானியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே பனி அதிகம். உன் பெரியம்மா கம்பளியை விட்டு இறங்குவதில்லை. எனக்கு இருமல் இருந்தது, போய்விட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கல்யாணப் பெண் இளைத்திருந்தால் பெரியத்தாவைத்தான் சொல்வார்கள்.

உன் அம்மாவின் கடிதமும் வந்தது, உன் கடிதமும் வந்தது. பதில் எழுதவில்லை. சாடி தயாராகவில்லை. தயாராகாமல் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து கிதாபுகளை இறக்கி எங்காவது நீ தவறியிருக்கிறாயா என்று பார்த்தேன். தவறவில்லை. நன்றாகவே படித்திருக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியத்தாவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்குகிற பெண்ணை இந்தக் குடும்பத்தில் நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

கார்த்திகை மழையில் காடி மந்தமாகிவிட்டது. ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டதோ என்று பட்டது. பழைய காடி ஒரு கிண்ணம் விட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அது அலமாரியில்தான் இருந்தது, எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் ரூம் வரைக்கும் போனேன். விஜய்பாண்டி பார்த்துவிட்டு, "என்ன மொதலாளி, இம்புட்டு நாளு பொறுத்துட்டு" என்றான். அவனுக்கு இதில் என்ன தெரியும் என்று கோபம் வந்தது. கிண்ணத்தை அவனிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நேற்று ஜும்ஆ முடிந்து வந்து துணியை அவிழ்த்தேன். கள் வாசம் முழுவதும் போய்விட்டது. மூக்கில் சுருக்கென்று ஏறியது. இரண்டு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல காடி. அலமாரியில் இருப்பதைவிட நல்ல காடி. இதை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உனக்குப் புரியாது. வடிகட்டி ஒரு பாட்டிலைக் குமுளி பஸ்ஸில் ஆலுவாக்காரருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கடிதம் வைக்கவில்லை. முகர்ந்தவருக்குத் தெரியும்.

யார்மீதும் எனக்குக் கோபம் தீரவில்லை. சதாம்மீது தனி. அச்சகத்துக்காரன்மீது தனி. அல்வா விஷயம் தனி. அதையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வேன்.

காஜியிடம் என் பெயரைச் சொல். உத்தமபாளையம் காசிம் ராவுத்தர் மகன் அப்துல் காதர். எழுத்தை விழுங்காமல் எழுதச் சொல்.

பதினெட்டாம் தேதியே வந்துவிடுவேன். கடுகை அன்றைக்கு இரவு நானே இடிப்பேன். யாரும் மிக்ஸியைச் சூடாக்க வேண்டாம், பக்கத்தில் வெந்நீரும் வேண்டாம். சட்டி பெரியது, தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருத்தி லத்திபாவாக இருக்க வேண்டும். எந்தக் கையால் சபையிலிருந்து எடுத்தாளோ அந்தக் கையாலேயே கொண்டுவந்து மாப்பிள்ளை வீட்டார் சஹனுக்குப் பக்கத்தில் வைக்கட்டும்.

உப்பு போடமாட்டேன். யாராவது உப்பில்லையே என்று கேட்பார்கள். நான் அப்போது எழுந்திருக்கமாட்டேன், வாயும் திறக்கமாட்டேன். ஏன் இல்லை என்று உன் அம்மா சொல்லட்டும்.

உன் பெரியத்தா
அப்துல் காதர்